பாட்டைக் கழித்த பிறகு

அந்த வருடங்களில் நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மயில், ஒரு ரோஜா, ராக்கெட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை, இப்படி ஏதாவது ஒரு படம். கம்ப்யூட்டரில் அதை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்காகப் பிரித்துத் தகடு எடுக்க அனுப்புவேன். நான்கும் மெஷினில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது மயில் மறுபடி மயிலாக வந்துவிடும். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, எதையும் பிரிக்கலாம், பிரித்தால் ஒன்றும் கெட்டுவிடாது என்ற நம்பிக்கை எனக்குள் எப்படியோ ஊறிவிட்டது.

முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பேன். விருதுநகர், சாத்தூர் பக்கத்துக் கல்யாண வரவேற்புகள், சில கோயில் திருவிழாக்கள். பாட்டு தொடங்கியதிலிருந்து முடியும்வரை நிறுத்தாமல் தாளம் தட்டுவதுபோல் கம்பிகளை அடித்துக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தெரிந்த வாசிப்பு. எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவர் சில வருடம் ஒரு பயணிகள் கப்பலில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூடுதல். ஒருநாள் சாத்தூரில் நிகழ்ச்சி முடிந்து ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றும்போது சொன்னார்.

"ஏலே, பாடுறவன் மூச்சு விடுற இடத்துலகூட நீ டொய்ங்கு டொய்ங்குன்னு அடிக்க. அவன் எங்கன போய் மூச்சு விடுவான்? கொஞ்சம் வாய மூடிப் பாரு."

மறுவாரம் நான்கு ஜாஸ் சி.டி.க்களைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல கிட்டார்க்காரன் என்ன செய்யுதான்னு மட்டும் கேளு. அவன் தனியா வாசிக்கிறதை விட்டுரு. மத்தவன் வாசிக்கயில அவன் என்ன செய்யுதான்? அதைக் கேளு."

கேட்டேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நான்கு பேர் வாசிக்கும் ஒரு சி.டி.யில்தான் போய் நின்றேன். சாக்ஸபோன், கிட்டார், பேஸ், டிரம்ஸ். சாக்ஸபோன் பேசிக்கொண்டே போகும். கிட்டார் அங்கே இருப்பதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும். பக்கத்து அறையில் யாரோ நடமாடுவதுபோல ஓர் உணர்வு. கவனித்துக் கேட்கப் போனால் நின்றுவிடும்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒலியைப் பிரிக்கும் ஒரு மென்பொருளைப் பதிந்து வாங்கினேன். பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பழைய ஸ்டீரியோப் பதிவுகளில் சாக்ஸபோனை இடது காதிலும் கிட்டாரை வலது காதிலும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்தை அணைத்தால் ஒரு ஆள் போய்விடுவார். இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை நடுவிலிருந்து உருவி எடுக்கவும் அந்த மென்பொருளுக்குத் தெரியும். அதோடு, ஒரு ஒலியலையைத் தலைகீழாகப் புரட்டி அதே ஒலியோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை இதுதான் எனக்கு வேலை.

முதலில் கிட்டாரை மட்டும் தனியே நிறுத்திக் கேட்டேன். அன்று கேட்டதை இன்னும் மறக்கவில்லை. அந்த மனிதர் மிகக் குறைவாக வாசித்தார். ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஒரு சுரக்கட்டில் ஐந்தாறு கம்பிகளை அடிக்காமல் இரண்டு சுரம், மிஞ்சினால் மூன்று. அடிச்சுரத்தை பேஸ் வாசிப்பவருக்கே விட்டுவிட்டார். ஒரு தட்டு, நீண்ட மௌனம், எதிர்பாராத இடத்தில் இன்னொரு தட்டு. மற்றவர்களை அணைத்திருந்ததால் அந்த மௌனத்துக்குள் இருந்ததெல்லாம் கேட்டது. விரல் கம்பியில் வழுக்கும் சத்தம். நாற்காலி கிறீச்சிடுவது. மூக்கால் மூச்சு இழுப்பது. இடையில் எங்கோ அடித்தொண்டையில் ஒரு முனகல். நான் பிறப்பதற்கு முன்பு, வேறொரு தேசத்தில் ஓர் அறையில் உட்கார்ந்திருந்த மனிதர் என் காதுக்குப் பின்னால் மூச்சு விட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தேன். மனைவி வாசலில் அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு கிட்டாரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் நான் வாசித்துப் பழகத் தொடங்கினேன். ஆனால் கிட்டார் முழுதாகப் போகவில்லை. ஒரே அறையில் வாசித்தவர்கள். கிட்டாரின் எதிரொலி சாக்ஸபோன் மைக்கிலும் லேசாக விழுந்திருந்தது. நான் தட்டும்போது அடியில் இன்னொருவர் தட்டுவார். நான் தப்பாகத் தட்டினால் அவர் சரியாகத் தட்டியது தெரியும். சில நாட்களில் நானும் அவரும் ஒரே நொடியில் விழுவோம். அப்போது என் கை தனியாக இல்லை என்று தோன்றி மயிர்க்கூச்செறியும். பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்காகவே மறுபடி உட்காருவேன்.

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு பட்டாசு யூனிட்டில் வேலை. அவருடைய கணவர் எப்போதோ போய்விட்டார். மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மகன் இருபத்திரண்டு வயதில், வேறொரு யூனிட்டில் நடந்த விபத்தில் எட்டு மாதங்களுக்கு முன்பு இறந்துபோயிருந்தான். அவனை எனக்கு மாடிப்படியில் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குத்தான் பழக்கம். அவன் போனபின் அந்த வீட்டில் ரேடியோச் சத்தம்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மாடிக்கு வந்து கதவோரம் நின்றார். நான் ஸ்பீக்கரில் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பாட்டுல ஒரு ஆளு காணாமப் போயிட்டாரே, எங்க போனாரு?"

எனக்குத் திடுக்கென்றது. "எந்த ஆளுக்கா?"

"போன வாரம் பூராம் இதே பாட்டைத்தான வச்சீக. நடுவுல நடுவுல ஒருத்தர் ‘ம்’ கொட்டிக்கிட்டே வருவாருல்ல. இன்னைக்கு அவரு இல்ல. அவரு எடத்துல நீங்க இருக்கீக."

எங்கள் குழுவில் இருந்த யாருக்கும் அப்படி ஒரு காது கிடையாது. "நாந்தான்க்கா எடுத்தேன். கம்ப்யூட்டர்ல அப்படிப் பிரிக்க முடியும்" என்றேன்.

அவர் மானிட்டரைப் பார்த்தார். பச்சை நிறத்தில் ஒலியலைகள் கோடுகோடாக நின்றன. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, பாட்டை எடுத்துட்டு ஆளை மட்டும் வச்சுக்கிட முடியுமா?"

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்த கையோடு ஒரு வி.சி.டி.யைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார். மகளின் கல்யாண வீடியோ. அந்தக் காலத்தில் வீடியோக்காரர்கள் மண்டபத்தில் பதிந்த சத்தத்தை அடியில் போட்டு மேலே சினிமாப் பாட்டு ஒன்றை ஏற்றிவிடுவார்கள். தாலி கட்டுவதற்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு. பந்திக் காட்சியில் நிறுத்தச் சொன்னார். மகன் வந்தான். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி. இலைகளுக்கு நடுவே வேகமாக வந்தவன் ஓர் இடத்தில் நின்று, எதிரே நிற்கும் அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்கிறான். அம்மாவின் முதுகு மட்டும் படத்தில் தெரிகிறது. பிறகு அவன் போய்விடுகிறான். ஆறு விநாடி இருக்கும். அந்த ஆறு விநாடியிலும் பாட்டின் இடையிசை, வயலின்களும் புல்லாங்குழலுமாக, அவன் பேச்சை மூடிக்கொண்டு ஓடியது.

"என்னையப் பாத்துத்தான் சொல்லுதான். ஆனா என்ன சொன்னாம்னு எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. கல்யாண அவசரத்துல காதுல வாங்கல. எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன்."

வீடியோக்காரரிடம் மூல நாடா இருக்கிறதா என்று கேட்டேன். போய்க் கேட்டாராம். அந்த நாடாவில் அதன் பிறகு நான்கு கல்யாணம் பதிந்தாகிவிட்டதாம்.

முடியாது என்று அன்றே சொல்லியிருக்கலாம். எனக்கோ கை பரபரத்தது. அதே சினிமாப் பாட்டின் நல்ல சி.டி. கிடைத்தால், அதைப் புரட்டி வீடியோவின் சத்தத்தோடு பொருத்தினால், பாட்டும் பாட்டும் அழிந்து மிச்சம் நிற்பது மண்டபத்துச் சத்தமாகத்தானே இருக்க வேண்டும்? விருதுநகரில் ஒரு பழைய கேசட் கடையில் அந்த சி.டி.யைத் தேடி எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் ஜாஸை மூட்டை கட்டி வைத்துவிட்டு இதையே செய்தேன். ஒரு மயிரிழை முன்னே பின்னே இருந்தாலும் அழியாது. வேகம் துளி மாறினாலும் அழியாது. இழுத்துச் சுருக்கி, நகர்த்தி, மறுபடி நகர்த்தி ஒரு கட்டத்தில் பாட்டு சட்டென்று வடிந்து கீழே போனது.

மிஞ்சிய சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கிணற்றுக்குள் ஒரு பந்தி நடப்பதுபோல இருந்தது. பாத்திரங்கள் நீருக்குள் மோதின. நூறு பேர் குமிழி விட்டுப் பேசினார்கள். அழிந்துபோன பாடகியின் குரல் எலும்புக்கூடாக மேலே மிதந்து போனது. அவன் வாய் திறக்கும் இடத்தில் நான்கைந்து அசைவுள்ள ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அது சொல் மாதிரி இருந்தது. எனக்கு என்ன சொல் என்று புரியவில்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "தவளை கத்துத மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். எத்தனை கழுவினாலும் போகாத அலுமினியத் தூள் அவர் நகக்கண்களில் வெள்ளியாக மினுங்கியது. ஹெட்ஃபோனின் கறுப்புப் பஞ்சின் மேல் அவர் விரல் பட்ட இடமெல்லாம் அந்த வெள்ளி ஒட்டிக்கொண்டது. வீடியோவையும் நான் எடுத்த சத்தத்தையும் சேர்த்து ஓடவிட்டேன். ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"‘நீ சாப்ட்டியாம்மா’ங்கான்."

முகத்தில் அழுகை இல்லை. ஏதோ கணக்கு சரியாக வந்ததுபோல ஒரு தெளிவு மட்டும். "நீ சாப்ட்டியாம்மா. அதத்தான் கேக்கான். நான் அன்னைக்கி மூணு மணி வரைக்கும் சாப்பிடல. பாத்தீகளா, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் போனபின் நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். நீ சாப்ட்டியாம்மா. தெளிவாகக் கேட்டது. முன்பு எப்படிக் கேட்காமல் போனது என்று ஆச்சரியமாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கேட்கவைத்தேன். அவள் முகம் மாறியது. "ஆமா, இப்பக் கேக்குது" என்று சொல்லிக் கையைத் தடவிக்கொண்டாள். "நீங்க சொன்னப்பறம் கேக்குது."

அதிலிருந்து அவர் ஞாயிறுதோறும் வந்தார். நான்கைந்து முறை கேட்பார். கேட்டதும் தலையாட்டிவிட்டு, "சாப்ட்டேன்யா" என்று மெதுவாகப் பதில் சொல்வார். முதல் தடவை கேட்டபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நாலாவது வாரத்தில் அது வேறுமாதிரி ஆகிவிட்டது. ஆறே விநாடிக்கு ஒருமுறை ஒரே கேள்வி, ஒரே பதில். கேள்வி மாறாது. பதில் போய்ச் சேராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸை அழுத்திக்கொண்டிருந்தேன்.

வாரநாட்களில் மாலை வேளையில் நான் ஜாஸ் பயிற்சிக்குத் திரும்பியிருந்தேன். கிட்டார் நீக்கிய அதே பாட்டு. சாக்ஸபோன் ஒரு வரி பேசி நிறுத்தும். அந்த இடைவெளியில் நான் இரண்டு சுரம் போட வேண்டும். ஒருநாள் அந்த இடைவெளியில் அது கேட்டது. நீ சாப்ட்டியாம்மா. சி.டி.யிலிருந்த மனிதரின் எதிரொலியாக இருக்கும் என்று பின்னால் போய்க் கேட்டேன். எதிரொலிதான். ஆனால் அதற்கு அந்த வடிவம் வந்துவிட்டது. அச்சகத்தில் பெரிய மெஷின் தாளை இழுத்து விடும் சத்தத்திலும் அதே அசைவுகள் இருந்தன. பக்கத்தில் நின்ற மெஷின்மேனிடம், "இது ஏதாவது பேசுற மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சீசன் நேரத்துல லீவு கேக்கதுக்கு இப்படி ஒரு வழியா?" என்று சிரித்தார்.

மனைவிதான் முதலில் சொன்னாள். "ஏங்க, கீழ்வீட்டு அக்கா தனியாப் பேசுதாக. குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் ‘சாப்ட்டேன்யா, சாப்ட்டேன்யா’ங்காக. நான் படியில நின்னு கேட்டேன். எனக்குப் பயமா இருக்கு."

அந்த வாரம் மகள் சாத்தூரிலிருந்து வந்திருந்தாள். ஏழு மாதம். மூச்சு வாங்க மாடியேறி வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றாள்.

"அண்ணே, அம்மாவுக்கு என்னத்தப் போட்டுக் காட்டுதீக? தம்பி குரல்னு சொல்லுதாக. எனக்கும் காட்டுங்க."

காட்டினேன். அவளுக்கு என்ன சொல் என்று நான் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி இரண்டு தடவை கேட்டாள். "இதுல எங்க இருக்கு தம்பி குரலு? எதோ ஊளைச் சத்தம் மாதிரியில்ல இருக்கு?" பிறகு திரையைப் பார்த்தாள். தம்பியின் முகம் அசையாமல் நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவுகளுக்கு நிம்மதின்னா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் சொன்ன ஊளை என்ற சொல் என்னை விடவில்லை. மறுநாள் மதியம் அச்சகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, முழுப் பந்திப் பாட்டையும் கழித்து, மொத்தமாகக் கேட்டேன். அந்த இடையிசை பாட்டில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை வரும்போது திரையில் மகன் இருக்கிறான். இரண்டாம் முறை வரும்போது மணப்பெண்ணின் மருதாணிக் கைகளைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் பேசவும் இல்லை. அந்த இடத்திலும் வந்தது. நீ சாப்ட்டியாம்மா. அதே அசைவுகள், அதே இறக்கம். புல்லாங்குழல் சறுக்கி இறங்கும் ஓர் இடம் சரியாக அழியாமல் விட்ட எச்சம் அது. மருதாணிக் கைகள் அம்மாவிடம் கேட்டன, சாப்பிட்டாயா என்று.

பட்டப்பகலில், தெருவில் தள்ளுவண்டிக்காரர் கூவிக்கொண்டு போகும்போது, நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசமே இல்லை. இத்தனை வாரமாக ஒரு தாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது யாருக்கு?

மனைவியிடம் சொன்னேன். அவள் "சொல்லாதீக" என்றாள். "நீங்கதான எடுத்துக் குடுத்தீக. இப்பப் புடுங்கப் போறீகளா?" அது சரியென்றும் பட்டது. இரண்டு ஞாயிறு சொல்லாமலே மவுஸை அழுத்தினேன். மூன்றாவது ஞாயிறு அவர் ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். எங்களுக்குத்தான் கொடுக்கிறார் என்று மனைவி எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும் தாயி. அங்கனயே இருக்கட்டும். அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்ல. அவன் சாப்ட்டானான்னு நான் ஒருவாட்டிகூடக் கேக்கலையே."

மனைவி என்னைப் பார்த்தாள். போதும் என்று அவள் கண்ணில் இருந்தது.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தேன். "அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இது அவன் குரல் இல்லைன்னு நினைக்கேன்." சொல்லிவிட்டு இரண்டாவது இடத்தை ஓடவிட்டேன். ஹெட்ஃபோன் இல்லாமல் ஸ்பீக்கரிலேயே. மருதாணிக் கைகள் வந்தன. சத்தம் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் வந்தது.

அவர் கோபப்படுவார், அழுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசுபத்திரியிலயும் இப்படித்தான் தம்பி" என்றார். "வரிசையா வச்சிருந்தாக. ஒண்ணும் அடையாளம் இல்ல. அரைஞாண் கயித்தப் பாத்து, ‘இது எம்பிள்ள’ன்னேன். எல்லாப் பிள்ளைகளுந்தான் கறுப்புக் கயிறு கட்டியிருக்கும். என்னமோ அந்நேரம் ‘இதுதான்’னு தோணுச்சு. சொல்லிப்புட்டேன். எழுதிக்கிட்டாக. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுவோட போனப்ப, அங்க ஒரு பொம்பளப் பிள்ள ‘அடையாளம் காட்டுனது நீங்கதான’ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அன்னையிலேர்ந்து எனக்கு உள்ளுக்குள்ள ஒரே இதுதான். வேற யாரு பிள்ளையவோ நான் எரிச்சிட்டேனோ? எம்பிள்ளைய வேற யாரோ எரிச்சாகளோ?"

மனைவி வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்தச் சத்தத்தக் கேட்டப்பதான், ‘ஆ, இது சரியாச் சொல்லிட்டேன், இதுல தப்பில்ல’ன்னு ஒரு தெம்பு வந்துச்சு. இதுவும் போச்சா?"

நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவரே, "சத்தம் இல்லாமப் போடுங்க தம்பி. அவன் படத்த மட்டும்" என்றார்.

சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஓடவிட்டேன். இத்தனை வாரத்தில் நாங்கள் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் கவனம் முழுக்கக் காதிலேயே இருந்தது. அவன் வேகமாக வந்தான், நின்றான், வாய் அசைத்தான், போனான். அக்கா திரைக்கு மிக அருகே குனிந்து, தன் உதடுகளை அவன் உதடுகளைப்போலவே அசைத்துப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். நான்காம் முறை அவர் வாயிலிருந்து தானாகவே சத்தம் வந்தது.

"தள்ளும்மா."

திரும்பிப் பார்த்தார். "சாம்பாரு சுடுதுல்ல. நான் வழியில நந்தி மாதிரி நிக்கேன். ‘தள்ளும்மா, தள்ளும்மா’ங்கான். வாளிய இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்துதான் பாருங்க." சிரித்தார். மகன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே இருந்தவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

அது சரிதானா என்று எனக்குத் தெரியாது. உதடு ஒட்டுகிற ‘ம்மா’ மட்டும் நிச்சயம். முன்னால் இருந்தது தள்ளுவா வேறெதுவுமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவரும் இந்த முறை ‘இதுதான்’ என்று சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "அப்படித்தான் இருக்கும்" என்றார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் எடுத்த சத்தத்தை அழிக்கட்டுமா என்று மறுநாள் படியில் வைத்துக் கேட்டேன். "அழிச்சா அது எங்க போகும்?" என்று கேட்டார். எங்கேயும் போகாது, இல்லாமல் போய்விடும் என்றேன். "அப்பச் செரி" என்றார். அன்று மாலை அழித்தேன். வி.சி.டி.யை மறுபடி துணியில் பொதிந்து கொடுத்தேன். மகளுக்குப் பிரசவமானதும் அவர் சாத்தூருக்கே போய்விட்டார். அங்கே தீப்பெட்டி யூனிட்டில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். என் தோளில் கிட்டார் பை இருந்தது. "இன்னும் ஆளை எடுக்கீகளா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். குழந்தை என் கிட்டார் பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்தது. அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது.

இல்லை என்று சொன்னது உண்மைதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிட்டார் நீக்கிய பாட்டோடு என்னால் வாசிக்க முடியவில்லை. இடைவெளி வரும் ஒவ்வொரு முறையும் அதற்குள் ஏதோ கேட்கும். நான் தட்டுவதற்கு முன்பே அது பேசிவிடும். ஒரு மாதம் கிட்டாரைத் தொடவே இல்லை. கீபோர்டு நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை.

"ஏலே, ஆள் இல்லாத வீட்ல போய் உக்காந்து பேசிக்கிட்டிருந்தா அப்படித்தான். எங்கிட்ட வா. நான் தப்பா வாசிப்பேன், நீயும் தப்பா வாசி."

விருதுநகரில் அவர் வீட்டு முன்னறையில், சனிக்கிழமை மதியங்களில், ஒரு கீபோர்டும் ஒரு கிட்டாருமாக உட்கார்ந்தோம். வெளியே மிளகாய் வற்றல் லோடு இறங்கும். நெடி உள்ளே வரும், இரண்டு பேரும் இருமுவோம். அவர் ஒரு வரி வாசித்து நிறுத்துவார். நான் கேட்டுவிட்டு இரண்டு சுரம் போடுவேன். அவர் சில சமயம் நான் போடும்வரை காத்திருப்பார். சில சமயம் காத்திருக்காமல் என்னை மோதிக்கொண்டு போவார். பதிவிலிருந்த மனிதர் ஒருநாளும் எனக்காகக் காத்திருந்ததில்லை. அவர் வாசித்தது என்றோ முடிந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அத்தனை மாதம் ஆனது.

அடுத்த தை மாதத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், பாடகர் வர நேரமானதால், நாங்கள் இருவரும் அப்படி ஒன்றைப் பத்து நிமிடம் வாசித்தோம். யாரும் கவனிக்கவில்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் இடைவெளி வந்தது. நான் தட்டவில்லை. காத்திருந்தேன். கரண்டிச் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது, மின்விசிறி சுற்றியது. அவ்வளவுதான் இருந்தது. நண்பர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி, என்னலே ஆச்சு என்பதுபோல் பார்த்தார். இரண்டு சுரத்தைப் போட்டேன்.